மேசியாவைத் திருப்பிச் சொன்ன லிப்ட்காரர்

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு, குளிர்காலத்தின் தொடக்கத்தில் அவரை முதன்முதலாகப் பார்த்தேன். அவருடைய காலணிகளை முதலில் பார்த்தேன் என்று எழுதுவதே சரியாக இருக்கும். நகர நூலகத்தின் மின்தூக்கி இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே நானும், எங்கள் கலந்துரையாடல் குழுவில் உள்ள ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரும் இருந்தோம். அரைமணி நேரத்திற்குப் பிறகு, எங்கள் தலைக்கு நேராக இருந்த கதவு ஒரு முழம் அளவுக்குத் திறந்தது. அந்த இடைவெளியில் எண்ணெய்க்கறை படிந்த இரண்டு காலணிகள் தெரிந்தன.

"நிக்கறதுக்கு முன்னாடி ஏதாவது சத்தம் வந்துச்சா?" என்று காலணிகளுக்கு மேலிருந்து ஒரு குரல் கேட்டது.

"கர்ர்ர்னு வந்தது," என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

"கர்ர்ர்... டக். இப்படியா?"

"டக் எல்லாம் இல்லை."

"கர்ர்ர்ர். கொஞ்சம் இழுத்தாப்பல?"

"இழுவை வேண்டாம். சட்டுனு நின்னுடுச்சு."

"கர்ர்."

"அதேதான்!"

"அப்ப பயமில்லை. பத்து நிமிஷம் பொறுங்க."

கண்ணாடிக்கடைக்காரர் என் பக்கம் திரும்பி, "நம்மை வெளியில எடுப்பார்னு பாத்தா, இவர் பாட்டு கத்துக்கிறார்மா," என்றார். ஆனால் அந்த மனிதர் சொன்னபடியே பத்து நிமிடங்களில் மின்தூக்கி மூன்றாம் மாடியை அடைந்தது.

கதவு திறந்ததும் எனக்கு ஒரு கண்டிப்புக் காத்திருந்தது. அவர் மின்தூக்கியின் உள்சுவரைக் காட்டினார். "இந்தத் தாளை ஒட்டினது யாரு? அதுக்கு அடியில இருக்கறது சோதனை அட்டை. நான் எப்ப வந்தேன், என்ன பாத்தேன்னு அதுலதான் எழுதுவேன். அது மேலேயே பசையைத் தடவி வெச்சிருக்காங்க."

ஒட்டியவள் நான்தான். எங்கள் கலந்துரையாடல் குழுவின் அறிவிப்பு அது: 'இம்மாதச் சொல்: மேசியா. சனிக்கிழமை, மாலை நான்கு மணி. மூன்றாம் மாடி. அனைவரும் வரலாம்.' நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் நகத்தால் சுரண்டிச் சுரண்டி, கிழியாமல் அந்தத் தாளை எடுத்தார், எறியவில்லை, நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"அனைவரும்னு போட்டிருக்கீங்களே. என்னை மாதிரி ஆளும் வரலாமா?"

"அனைவரும் என்றால் அனைவரும்தான்," என்றேன்.

அப்போது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. பதினெட்டு வயதில் ஒரு மின்தூக்கி நிறுவனத்தில் கம்பிவடங்களுக்கு மசகெண்ணெய் தடவும் வேலையில் சேர்ந்தவர், அதே தொழிலில் தலைநரைத்தவர். நகரத்தின் பழைய கட்டடங்களில் ஏறத்தாழ இருநூறு மின்தூக்கிகளின் நாடி அவருக்குத் தெரியும். எந்த இடத்திற்குப் போனாலும் கருவிப்பையைத் திறப்பதற்கு முன், மின்தூக்கியில் வந்தவர்களிடம் அது எழுப்பிய ஓசையைக் கேட்பார். அதைத் தம் வாயால் எழுப்பிக் காட்டுவார். அவர்கள் 'அதேதான்' என்று ஒப்புக்கொள்ளும்வரை விடமாட்டார். சிறுவர்கள் அவரைக் கண்டாலே 'கர்ர்' என்பார்கள். அவருடைய வீடு ஒரு நான்குமாடிக் கட்டடத்தின் உச்சியில் இருந்தது. அங்கே மின்தூக்கியே கிடையாது. அதைச் சொல்லிக் கேலி செய்தால், "சமையல்காரன் வீட்ல அடுப்பு எரியாதும்மா," என்பார்.

எங்கள் குழுவைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். மாதத்திற்கு ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு, சனிக்கிழமைதோறும் கூடி, அச்சொல்லுக்கு அவரவர் கொள்ளும் பொருளைப் பேசுவோம். தலைமை ஏற்பவர் ஓய்வுபெற்ற நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர். அவருடைய தொழிலிலிருந்து ஒரு விதியும் எங்களுக்கு வந்து சேர்ந்தது. ஒருவர் பேசி முடித்ததும், அவருக்கு மறுமொழி கூற விரும்புபவர் முதலில் அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லவேண்டும். அதையும் 'அவர் நம்புகிறார்' என்று எட்டி நின்று சொல்லக்கூடாது; நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் சாட்சியாகவே நின்று பேசுவதுபோல், 'நான் நம்புகிறேன்' என்றே சொல்லவேண்டும். மூலத்தைச் சொன்னவர் 'அதேதான்' என்று தலையசைத்த பிறகே சொந்தக் கருத்து. இந்த விதியால் எங்களிடையே சண்டைகள் குறைந்தன, நேரம்தான் போதவில்லை.

அந்தச் சனிக்கிழமை அவர் வந்தார். சலவைச் சட்டை அணிந்து, கதவருகில் இருந்த நாற்காலியில் அமர்ந்தார்.

முதலில் பேசியவர் கண்ணாடிக்கடைக்காரர். அவர் யூதர். "மேசியான்னா உலகத்தை மீட்க வர்றவர். அவர் இன்னும் வரலை. வரப்போறவர் கடவுள் இல்லை, நம்மளை மாதிரி மனுஷன்தான். அவர் வந்துட்டார்ங்கறதுக்கு ஒரே அடையாளம், உலகத்துல சண்டை நிக்கணும். இன்னைக்குப் பேப்பர் படிச்சீங்களா? அப்ப வரலை," என்றார்.

அடுத்துப் பேசியவர் மருத்துவமனைச் செவிலியர். நாங்கள் அவரை 'சிஸ்டர்' என்று அழைப்போம். மேசியா வந்துவிட்டார், நமக்காக உயிரைக் கொடுத்தார், உயிர்த்தெழுந்தார், மறுபடியும் வருவார் என்பது அவருடைய நம்பிக்கை. பழக்கடைக்காரர் இஸ்லாமியர். "மர்யமோட மகன்தான் மசீஹ், அதாவது மேசியா. அதுல எங்களுக்கும் சந்தேகம் இல்லை, சிஸ்டர். ஆனா அவர் இறைவன் இல்லை, இறைத்தூதர். சிலுவையில அவர் சாகவும் இல்லை. கடைசிக் காலத்துல இறங்கி வருவார்," என்றார்.

"ஒரே ஆளுக்காக மூணு பேரும் மூணு ஸ்டாப்புல காத்துட்டிருக்கீங்க," என்றார் லிப்ட்காரர். எல்லாரும் சிரித்துவிட்டோம். மொழிபெயர்ப்பாளர் மட்டும் சிரிக்காமல், "மறுமொழி சொல்லணும்னா விதிப்படி சொல்லுங்க. சிஸ்டர் சொன்னதை எடுத்துக்கோங்க," என்றார்.

லிப்ட்காரர் எழுந்து நின்றார். "நான் நம்பறது என்னன்னா, ஒருத்தர் வந்தார். வேலையைப் பாதியில விட்டுட்டுப் போனார். மிச்சத்தை முடிக்கத் திரும்ப வருவார்."

"பாதியிலயா!" சிஸ்டர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "அவர் எல்லாத்தையும் முடிச்சிட்டார், அண்ணே!"

"முடிச்ச வேலைக்கு எதுக்கு ரெண்டாம் தடவை வரணும்?"

"கேள்வி அப்புறம். முதல்ல அவங்களா இருந்து பேசுங்க," என்றார் மொழிபெயர்ப்பாளர்.

இரண்டாம் முறையும் தவறு. மூன்றாம் முறையும் தவறு. பழக்கடைக்காரர் கொட்டாவி விட்டார். லிப்ட்காரர் சிறிது நேரம் கண்களை மூடிக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "சாவை ஜெயிச்சாச்சு. அது முடிஞ்சது. ஆனா ஜெயிச்ச சேதி இன்னும் எல்லா வீட்டுக்கும் வந்து சேரலை. நான் அதுக்குத்தான் காத்திருக்கேன். அது வந்து சேர்ற நாள்ல அவரும் வருவார்."

சிஸ்டர் நாற்காலியின் நுனியிலிருந்து பின்னால் சாய்ந்தார். "அதேதான்," என்றார் பிறகு. "எங்க வீட்டுக்காரர்கூட இவ்வளவு சரியாச் சொன்னதில்லை."

அடுத்தடுத்த வாரங்களில் அவர் கண்ணாடிக்கடைக்காரராகப் பேசினார், பழக்கடைக்காரராகவும் பேசினார். இருவரிடமும் 'அதேதான்' வாங்கினார். நான்காம் சனிக்கிழமை பழக்கடைக்காரர், "அண்ணே, ஒரே மாசத்துல மூணு மதம் மாறிட்டீங்க. வீட்ல சொல்லிட்டீங்களா?" என்று சீண்டினார்.

"வீட்ல யாரும் இல்லை," என்றார் அவர். குரலில் வருத்தம் இல்லை. விலாசம் சொல்வதுபோல் சொன்னார். அதன்பிறகே அவர் எதற்காக வருகிறார் என்பது எங்களுக்குத் தெரிந்தது.

ஆறு ஆண்டுகளுக்கு முன் அவருடைய மனைவி இறந்துபோனார். ஒரே மகள், அப்போது அவளுக்கு இருபது வயது. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அவள் வீட்டைவிட்டுப் போய், நகரத்திற்கு வெளியே ஒரு பண்ணையில் நாற்பது பேர் சேர்ந்து வாழும் ஒரு வீட்டில் சேர்ந்துகொண்டாள். அந்த வீட்டுக்கு ஒரு தலைவர் இருந்தார். முன்னாளில் பள்ளி வேன் ஓட்டியவர். அவரை அவர்கள் 'மேசியா' என்று அழைத்தார்கள். அங்கே தொலைபேசி கிடையாது. உறவினர் விரும்பினால், இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை, வாசலை ஒட்டிய அறையில் ஒரு மணி நேரம் பார்க்கலாம். சென்ற வசந்தகாலத்தில் பார்க்கப் போனபோது இவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "உங்க மேசியா லைசன்ஸ் புதுப்பிச்சுட்டாரா?" என்று கேட்டிருக்கிறார். மகள் எழுந்து உள்ளே போய்விட்டாள். எட்டு மாதங்களாக எழுதிய கடிதங்கள் எல்லாம் கிணற்றில் போட்ட கல்லாகவே கிடந்தன. கடைசியில் ஒரு அஞ்சலட்டை வந்தது. அதை எங்களிடம் காட்டினார்: 'பிப்ரவரி முதல் ஞாயிறு, பத்து மணி. கேலி செய்வதாக இருந்தால் வரவேண்டாம். இனிமேல் எழுதவும் மாட்டேன்.'

"அந்த வார்த்தையை அவ எப்படிப் பாக்கறாள்னு எனக்குத் தெரியலை. லிப்ட்ல உங்க தாளைப் பாத்தேன். பிப்ரவரிக்குள்ள கத்துக்கலாம்னு வந்தேன். இந்தத் தடவை தப்பாச் சொன்னா, பொண்ணு போயிடுவா," என்றார்.

மாதத்திற்கு ஒரு சொல் என்ற வழக்கத்தை மாற்றி, ஜனவரி முழுவதும் அதே சொல்லை வைத்துக்கொள்வதென்று முடிவு செய்தோம். மறுப்பு எழவில்லை. எல்லாரும் அவருக்குப் பயிற்சி கொடுத்தோம். சிஸ்டர் மகளாக நடித்தார், கோபித்தார், பாதியில் எழுந்து போனார். அவர் பொறுமையாகத் திருப்பிச் சொன்னார். மூன்றாம் வாரத்தில் மொழிபெயர்ப்பாளர், "இனிமே கவலை இல்லை. நீங்க கோர்ட்டுக்கே வரலாம்," என்றார். நாங்களும் அவ்வாறே நம்பினோம். அதில் இருந்த பிசகு எங்களில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை.

பிப்ரவரி முதல் ஞாயிறு, துணைக்கு என்னையும் அழைத்துப் போனார். ஒன்றரை மணி நேரப் பேருந்துப் பயணம். வாசலை ஒட்டிய அறை சுத்தமாக இருந்தது: ஒரு மேசை, மூன்று நாற்காலிகள், சுவரோரம் ஒரு நீண்ட பலகை, ஒரு சுவர்க்கடிகாரம். சமையல்காரர்கள் கட்டுவதுபோன்ற வெள்ளை முன்கச்சை கட்டிய ஒரு பெண்மணி எங்கள் பெயர்களைப் பதிவுசெய்துகொண்டு, வழக்கப்படி கதவருகில் அமர்ந்தார். நான் பலகையில் அமர்ந்தேன். பத்து மணிக்கு மகள் வந்தாள். முகவாய்க்கட்டு அப்படியே அப்பாவுடையது. உட்காரும்போது நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டாள்.

"சௌக்கியமாப்பா?"

"இருக்கேன் பாப்பா. நான் கேலி பண்ண வரலை. மேசியான்னா உனக்கு என்னன்னு சொல்லு. கேக்கறேன்."

அவள் அவரை ஐயத்தோடு பார்த்தாள். பிறகு சொன்னாள்: "எல்லாரும் வரப்போறவர்ம்பாங்க, இல்லைன்னா வந்துட்டுப் போனவர்ம்பாங்க. எங்களுக்கு அப்படி இல்லை. இங்கேயே இருக்கறவர். காலையில எழுந்ததும் நேத்து யார் அழுதாங்கன்னு கேப்பார். அழுதவங்ககிட்ட வந்து உக்காருவார். அவ்வளவுதான். உலகத்தைக் காப்பாத்தறேன்னு அவர் சொல்லவே இல்லை."

அவர் திருப்பிச் சொன்னார். "எனக்கு ஒரு தலைவர் கிடைச்சிருக்கார். அவர் சொன்னபடி நான் நடக்கறேன்."

"சொன்னபடி நடக்கறது இல்லைப்பா. எங்க கேட்டீங்க அதை?"

"எனக்கு ஆறுதல் சொல்ல ஒருத்தர் இருக்கார்."

"ஆறுதல்கூட இல்லை. ஆறுதல் எல்லாரும்தான் சொன்னாங்க."

அவர் கண்களை மூடினார். மூன்றாம் மாடியில் நாங்கள் பலமுறை பார்த்த அதே தோரணை. "நான் அழுதா அது ஒரு ஆளுக்குத் தெரியும். தெரிஞ்சா அவர் வருவார். வந்து என்ன பேசறார்ங்கறது முக்கியமில்லை. என்னைத் தனியா விடாத ஒருத்தர் இருக்கார்; அவரைத்தான் நான் மேசியான்னு கூப்பிடறேன். அவரை நான் நம்பறேன்."

மகளின் கைகள் மேசைமேல் வந்தன. "அதேதான்பா," என்றாள். அவள் கண்கள் நிறைந்துவிட்டன. நான் மனத்திற்குள் கைதட்டினேன் என்றே சொல்லவேண்டும்.

ஆனால் உண்மையான கைதட்டல் கதவருகிலிருந்து வந்தது. அந்தப் பெண்மணி எழுந்து வந்து அவருடைய இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார். "ஒரு சாட்சி முன்னால, சொந்த வாயால சொல்லிட்டீங்க. இந்த வீட்ல சேர அது ஒண்ணு போதும். நாலாம் அறையில ஒரு கட்டில் காலியா இருக்கு, ஐயா. இனிமே ரெண்டு மாசக் கணக்கெல்லாம் இல்லை. தினமும் உங்க பொண்ணோடயே சாப்பிடலாம்." மகள் எழுந்து, பத்து மாதங்களுக்குப் பிறகு, அப்பாவின் தோளில் முகம் புதைத்தாள்.

எங்கள் பிசகு எனக்கு அப்போதுதான் விளங்கியது. எங்கள் அறையில் திருப்பிச் சொல்வது கேட்டதற்கு அடையாளம். இந்த அறையில் அது ஏற்றுக்கொண்டதற்கு அடையாளம். மற்றவராகவே நின்று பேசும்படி நாங்கள்தான் அவரைப் பழக்கியிருந்தோம்.

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஒரு கட்டில், தினமும் மகள், கேட்க ஆள் இல்லாத வீட்டிலிருந்து விடுதலை. யாரும் அவரைக் குறை சொல்லியிருக்கமாட்டார்கள்; நானும் சொல்லியிருக்கமாட்டேன்.

"பாப்பா, நான் நம்பலை," என்றார்.

அவள் நிமிர்ந்தாள்.

"நீ சொன்னது எனக்குச் சரியாப் புரிஞ்சுதான்னு சொல்லிப் பாத்தேன். அது உன் நம்பிக்கை. எனக்கு அது இல்லை."

"அப்ப இவ்வளவு நேரம் நடிச்சீங்களா?"

"இல்லைம்மா. வேலைக்குப் போற இடத்துலகூட முதல்ல சத்தத்தைக் கேட்டு, அதை நானே..."

"நான் என்ன லிப்டாப்பா?" என்று கேட்டுவிட்டு, அவள் உள்ளே போய்விட்டாள். முன்கச்சைப் பெண்மணியும் முகம் கறுத்து அவள் பின்னால் போனார்.

நான் எழுந்து, "வாருங்கள், போகலாம். தவறு எங்களுடையது," என்றேன்.

அவர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். "ஒரு மணி நேரம்தானேம்மா கணக்கு. இன்னும் இருபத்திரண்டு நிமிஷம் இருக்கு," என்று சொல்லி, அதே நாற்காலியில், அதே பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மேசைமேல் வைத்த கைகளை அவர் எடுக்கவே இல்லை. வெளியே யாரோ தண்ணீர் இறைக்கும் ஓசை கேட்டது.

பதினொன்றுக்கு எட்டு நிமிடங்கள் இருக்கும்போது மகள் வாசல்வரை வந்து நின்றாள். "இன்னும் போகலையா?"

"மணி ஆகலையே."

"சரி. நீங்க என்ன நம்பறீங்கன்னு நீங்க சொல்லுங்க. கேக்கறேன்."

ஒன்பது சனிக்கிழமைகளில் நாங்கள் எல்லாருடைய நம்பிக்கையையும் அவருக்குக் கற்றுக்கொடுத்தோம்; அவருடையதைக் கேட்க மறந்துவிட்டோம். எட்டு நிமிடங்களில் இரண்டு போயிற்று.

"எனக்கு மேசியாவைப் பத்தி ஒண்ணும் தெரியாது பாப்பா. யாரும் வருவாங்கன்னு நான் காத்திருந்ததில்லை. உங்க அம்மா போன மூணாம் நாள் நான் வேலைக்குப் போயிட்டேன். கையில ஸ்பேனர் இருந்தா யோசனை வராது. வீட்ல நீ இருந்தேங்கறதே எனக்கு உறைக்கலை. யாராவது வந்திருக்கணும்னா, அது நான்தான் வந்திருக்கணும். வரலை. நான் நம்பறது அவ்வளவுதான்."

அவள் நின்ற இடத்திலிருந்தே, ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிச் சொன்னாள். "நான் மூணாம் நாளே வேலைக்குப் போயிட்டேன். வீட்ல பொண்ணு இருந்தா. அவ அழுதா. எனக்குத் தெரியலை."

"நீ அழுதேன்னு நான் சொல்லலையே."

"சொல்லலை. ஆனா அழுதேன்."

"அப்ப அதையும் சேத்துக்கோ," என்றார். "அதேதான்."

மணி அடித்தது. அவள் அருகில் வரவில்லை, திரும்பியும் போகவில்லை. "ஏப்ரல் முதல் ஞாயிறு," என்றாள். "இந்தம்மாவையும் கூட்டிட்டு வாங்க. பாவம், பயந்துட்டாங்க."

அடுத்த சனிக்கிழமை நடந்ததைக் குழுவில் சொன்னோம். மொழிபெயர்ப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கோர்ட்ல சாட்சி யாரு, நான் யாருன்னு எல்லாருக்கும் தெரியும். அங்க தெரியாதுங்கறது எனக்குத் தோணலை. தப்பு என்னுது," என்றார். அன்றிலிருந்து, திருப்பிச் சொல்பவர் முதலில் 'உங்கள் இடத்தில் நின்று சொல்கிறேன்' என்று அறிவிக்கவேண்டும் என்று எங்கள் விதியில் புதிதாகச் சேர்த்தோம். அதை முதலில் மறந்து அபராதமாகத் தேநீர் வாங்கித் தந்தவர் அவரே.

லிப்ட்காரர் பதினோரு ஆண்டுகள் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை அந்த அறைக்குப் போனார். சில முறைகள் நானும் போனேன். அவர் கடைசிவரை அந்த வீட்டில் சேரவில்லை. அவளும் வெளியே வரவில்லை. இடையில் அந்தத் தலைவர் முதுமையால் இறந்துபோனார். இனி வீடு கலைந்துவிடும் என்று பழக்கடைக்காரர் சொன்னார்; கலையவில்லை. அழுதவரிடம் போய் உட்காரும் வேலையை முறைவைத்துப் பகிர்ந்துகொண்டார்கள். மேசியா என்ற பெயர் இனி யாருக்கு என்று அவர்களுக்குள்ளேயே மூன்று கருத்துகள் இருந்தனவாம். மகள் அவற்றை அப்பாவிடம் விளக்குவாள். அவர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்வார். இரண்டில் 'அதேதான்' வாங்குவார், மூன்றாவதில் திணறுவார். ஓய்வுபெற்ற பின்பும் சனிக்கிழமைகளில் எங்களிடம் வந்தார். நூலகத்தின் மின்தூக்கியைப் புதியதாக மாற்றியபோது, "இது வாயைத் திறக்கவே மாட்டேங்குது. எப்படிப் புரிஞ்சுக்கறது?" என்று குறைப்பட்டார்.

இரண்டாயிரத்துப் பதினைந்தாம் ஆண்டு அவருடைய நுரையீரல் தளர்ந்தது. சிஸ்டர் வேலை பார்த்த மருத்துவமனையிலேயே இடம் கிடைத்தது. ஆறு கட்டில்கள் உள்ள கூடம். அவருடையது ஜன்னலை ஒட்டியது. அந்த வீட்டிலிருந்து மகள் மூன்று நாள் அனுமதி பெற்று வந்தாள். மூன்று நாள் பத்து நாளாயிற்று. கேட்டதற்கு, "முறைவைக்கறதுல இந்த மாசம் என் முறை," என்றாள். நான் மாலைகளில் போய்ப் பார்ப்பேன்.

கடைசி நாளன்று பிற்பகல் மூன்று மணி இருக்கும். மகள் நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு, அந்த மூன்றாவது கருத்தை அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்: மேசியா என்பது ஒரு ஆளுக்கு உரிய பெயரா, ஒரு வேலைக்கு உரிய பெயரா என்பது பற்றி. நீளமாகச் சொன்னாள். அவருடைய கண்கள் மூடியிருந்தன. கேட்கிறாரா, தூங்கிவிட்டாரா என்று தெரியாமல் அவள் நிறுத்தினாள். செவிலியர் ஒருவர் வந்து பிராணவாயுக் குழாயைச் சரிசெய்துவிட்டுப் போனார்.

அவர் கண்களைத் திறந்து அவளைப் பார்த்தார்.

"நடுவுல தூங்கிட்டேன் பாப்பா," என்றார். "முதல்லேருந்து சொல்லு."